எல்லைக் கல்லுக்கு உள்ளே எட்டு நாள்

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் ஊருக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான போன் பாறை மேல் உட்கார்ந்து நான் அழுதேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டீர்கள். நான் அடுத்தவர்களை ஓட்டிச் சிரிக்கிற ஆள். நான் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை, மேய வந்த இரண்டு ஆடுகளைத் தவிர.

முந்தின நாள் வரைக்கும் நான் பணம் போட்டு வைத்திருந்த ஆப்பில் என் பெயருக்கு நேராக நாலு லட்சத்துச் சொச்சம் பச்சை எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. மூடித் திறந்தேன். போனை அணைத்துப் போட்டேன். பாறையின் உச்சிக்கு ஏறி கையைத் தூக்கிப் பிடித்தேன். சிக்னல் நன்றாக இருந்தது. பணம்தான் இல்லை.

பூசாரி சின்னசாமி மாமா, "அம்மன் உனக்குப் பண்ணத நீயே உன் கையால எழுதுடா, திருவிழா மலர்ல போடலாம். கிண்டல் மட்டும் வேணாம்" என்று சொல்லியிருக்கிறார். கிண்டல் இல்லாமல் எனக்கு எழுத வராது. நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவது எல்லாம் நடந்தது.

என் பெயர் வெள்ளையன். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் அப்பாவும் நானும்தான். அம்மா நான் சின்னவனாக இருந்தபோதே போய்விட்டார். பள்ளிக்கூடத்தை விட்டதும் போர்வெல் வண்டியில் ஏறி மூன்று வருஷம் ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் சேற்றில் குளித்தேன். கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பரிசத்துக்கு எழுபதாயிரம் சேர்த்து வைத்திருந்தேன். பெண் யார் என்று கேட்காதீர்கள். பரிசம் மட்டும்தான் தயாராக இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து, "டெய்லர் கடைங்களா?" என்று ஒரு செய்தி வந்தது. எனக்கு ஓட்டுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம். "ஆமாங்க, ஜாக்கெட்டா பாவாடையா?" என்று கேட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. பெயர் கவிதா என்றாள். பெங்களூரில் வேலை என்றாள். பத்து நாள் நான் அவளை ஓட்டினேன், அவள் சிரித்தாள். இப்போது நினைத்தால்தான் தெரிகிறது, யார் யாரை ஓட்டினார்கள் என்று.

அவள்தான் கிரிப்டோ என்ற ஒன்றைச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற காசு, தொட முடியாது, ஆனால் விலை ஏறும் என்றாள். எங்கள் மலையில் பாறைத் தேன் இருக்கும், கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கயிறு கட்டி இறங்கத் தெரிந்தவனுக்குத்தான் தேன். அதே மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் அனுப்பின ஒரு ஆப்பில் இரண்டாயிரம் போட்டேன். நாலு நாளில் இரண்டாயிரத்து அறுநூறாக என் வங்கிக் கணக்குக்கே திரும்பி வந்தது. அந்த அறுநூறு ரூபாயை வாங்கின நாளில் இந்த ஊரில் என்னை விடப் புத்திசாலி இல்லை என்று நடந்தேன்.

அப்புறம் பரிசப் பணம் முழுதும் போனது. அதுவும் போதவில்லை. அப்பாவின் கணக்கும் என் போனில்தான் இருந்தது, ஏனென்றால் அவருக்குப் போன் பார்க்கத் தெரியாது. புளி விற்ற காசு ஐம்பதாயிரம் அதில் இருந்தது. ஒரு மாதத்தில் எடுத்து வைத்துவிடலாம் என்று அதையும் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. போட்டதெல்லாம் ஆப்பில் நாலு லட்சத்துச் சொச்சமாக ஏறிக் காட்டியது.

அந்த ஆப்பில் கஸ்டமர் கேர் என்று ஒருவன் இருந்தான். எழுதி அனுப்ப மாட்டான், குரலாக அனுப்புவான். ஒவ்வொரு தடவையும் பேசுவதற்கு முன்னால் வறட்டு இருமல் இரண்டு, அப்புறம் ஒரு செருமல், அப்புறம்தான் "வணக்கம் சார்." நான் அதை டீக்கடையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவேன். பிறகு நானே அவனை மாதிரி இருமி, "வணக்கம் சார், உங்க பணம் டபுள் ஆயிடுச்சி சார்" என்பேன். கடையே சிரிக்கும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளை கூட அந்த இருமலை இருமும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போலீசுக்கும் சொல்லவில்லை. இதுதான் நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு. ஊரில் எல்லாரையும் ஏமாளி, சோம்பேறி என்று பட்டப் பெயர் வைத்துக் கூப்பிட்டவன், நான் ஏமாந்தேன் என்று எந்த வாயால் சொல்வான்? டீக்கடையில் "இன்னாடா, டபுள் ஆயிடுச்சா?" என்று கேட்டால், "ஆயிக்கினு இருக்குது" என்று சிரித்துவிட்டு வந்துவிடுவேன். வந்து வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

பங்குனியில் அப்பா எருவுக்குக் காசு எடுக்க பஸ் ஏறி வங்கிக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தார்.

"எழுநூறு ரூபா தான் இருக்குதாம். அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி பாத்துச் சொல்லிச்சி. மிஷினு தப்பாடா?"

அவர் மிஷின் மேல்தான் சந்தேகப்பட்டார். என் மேல் படவில்லை.

"மிஷினு இல்லப்பா. நான் தான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மாட்டிடம் சொல்வார். எங்களிடம் உழவு மாடு ஒரு ஜோடி. ஒன்று மயிலை, ஒன்று செவலை. "செவல, கஞ்சி ஆறிப் போவுதாம், வந்து குடிக்கச் சொல்லு" என்பார். செவலை என்னைப் பார்க்கும். நான் எழுந்து போய்க் குடிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது ஆள் வந்தான். போன் பாறையில் உட்கார்ந்து, போன பணத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்று நெட்டில் தேடினேன். "கிரிப்டோவில் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு விளம்பரம். அதன் கீழே அத்தனை பேர் நன்றி எழுதியிருந்தார்கள். "எனக்கு ஏழு லட்சம் கிடைத்தது", "ஆபீசர் தெய்வம்" என்றெல்லாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் எழுதினேன். ஆபீசர் என்று ஒருவன் பதில் எழுதினான். என் பணம் எந்த இடத்தில் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்துவிட்டதாம். சீல் குத்தின காகிதம் ஒன்று அனுப்பினான். நாற்பத்தைந்தாயிரம் கட்டணம் கட்டினால் மூன்று நாளில் முழுப் பணமும் வந்துவிடுமாம்.

நாற்பத்தைந்தாயிரத்துக்கு எங்கே போவேன்? வீட்டில் விற்கிற மாதிரி மிச்சம் இருந்தது மாடு மட்டும்தான்.

எங்கள் நிலம் சரிவில் இருக்கிறது. டிராக்டர் ஏறினால் உருண்டுதான் இறங்கும். மாடு இல்லையென்றால் ஆடியில் சாமை விதைக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வாரம் அப்பாவின் பின்னாலேயே நடந்தேன். "மூணே நாள்பா. காசு வந்ததும் இதவிட நல்ல ஜோடியா புடிச்சாந்துடலாம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் காலில் விழுந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்கு அப்புறம் என்னிடம் நேராகப் பேசினார்.

"மாடு போச்சின்னா நுகத்துல ஒரு பக்கம் நான் நிக்கறேன். இன்னொரு பக்கம் நீ நிப்பியா?"

"நிக்கறேன்பா."

"அப்ப வித்துக்கோ."

அதோடு சரி, மறுபடியும் மாட்டிடம்தான் பேச்சு.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை கண்ணமங்கலத்திலிருந்து மாட்டு வியாபாரி ஏழுமலை அண்ணன் வந்தார். அப்பாவை இருபது வருஷமாகத் தெரிந்தவர். பல் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார், ஐம்பத்திரண்டாயிரம் என்றார். அப்பா பேரம் பேசவில்லை. நானும் ஏழுமலை அண்ணனும் போன் பாறைக்குப் போனோம். முழுப் பணத்தையும் அவர் போனிலிருந்து என் கணக்குக்குப் போட்டார். மறுநாள் வண்டி கொண்டு வந்து மாட்டை ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. அங்கேயே ஆபீசருக்கு எழுதினேன். "நாளைக் காலை பத்து மணிக்குக் கணக்கு நம்பர் அனுப்புவேன். பத்தரைக்குள் போட வேண்டும். தவறினால் உங்கள் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும்" என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் எல்லையம்மன் கோயிலில் காப்புக் கட்டு.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் பக்தர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் வீட்டுக்கு ஒரு ஆம்பளை கையில் மஞ்சள் கட்டின கயிற்றைக் கட்டிக்கொள்வார். அதுதான் காப்பு. காப்புக் கட்டினவன் திருவிழா முடியும் வரைக்கும் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. கோயில் வாசலிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். அவன் வீட்டு மாடு, விதை, காசு எதுவும் கல்லைத் தாண்டி வெளியே போகக் கூடாது. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் அப்பாதான் கட்டிக்கொள்வார். என்னைக் கூப்பிட்டால், "எட்டு நாள் கயித்துல கட்டிப் போட நான் இன்னா மாடா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

அன்றைக்கு எனக்கு ஒரே நினைப்பு. நாளைக்குப் பணம் அனுப்புவது சரியாக நடக்க வேண்டும், ஆபீசர் கைவிடக் கூடாது. நானாகவே கோயிலுக்குப் போனேன். அம்மனுக்கு நேராக நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிக்காமல் கும்பிட்டேன். "தாயே, போன காசு எனக்குத் திரும்ப வரணும். எங்கப்பா மூஞ்ச என்னால பாக்க முடியல. நீ தான் நடத்திக் குடுக்கணும்." அந்த வேகத்தில் கையை நீட்டிவிட்டேன்.

பூசாரி மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருடா இது, நம்ம வெள்ளையனா? கட்டுனா கல்லத் தாண்டக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. கட்டுங்க."

கட்டினார். அப்பா கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு பாறைக்குக் கிளம்பினேன். எல்லைக் கல்லிடம் வந்ததும் பின்னாலிருந்து குரல். பம்பை அடிக்கிற கோவிந்தண்ணன், காப்புக் கையோடு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"டேய், எங்கடா போற?"

"போன் பாறைக்குண்ணா. ஒரு அவசரம்."

"கையப் பாருடா."

கையைப் பார்த்தேன். கல்லைப் பார்த்தேன். போன் பாறை கல்லுக்கு அந்தப் பக்கம் இருபது அடியில் இருந்தது. பிறந்ததிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. நேற்று கையை நீட்டியபோது எனக்கு அது ஞாபகம் வரவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கயிற்றை அறுத்துவிடலாம் என்று ஒரு கை போனது. இன்னொரு கை போகவில்லை. அம்மன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. உன்னிடம் உதவி கேட்டால் என் கையையே கட்டிவிட்டாயே என்று முணுமுணுத்தேன். அந்த நேரத்தில் ஏழுமலை அண்ணனின் மினி லாரியும் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. விஷயம் கேள்விப்பட்டதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா வெள்ளையா, காசு முழுசா வாங்கிக்கினு மாட்ட உள்ள வெச்சிக் காப்பு கட்டிக்கிட்டியா? நல்ல தொழில்டா இது."

"சத்தியமா மறந்துட்டேன்ணா."

"வண்டி வாடகைய யாரு குடுப்பா, உங்க அம்மனா?"

பூசாரி மாமா சாவகாசமாக வந்தார். "கேட்டுப் பாரு ஏழுமல. குடுத்தாலும் குடுப்பா. எட்டு நாள் கழிச்சி வா. மாடு எங்கயும் ஓடாது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். மணி பத்து ஆகிவிட்டது. என் கூட்டாளி முனியன் அங்கே நின்றான். அவன் காப்புக் கட்டவில்லை. எனக்கு உயிர் வந்தது. "மச்சான், போன எடுத்துக்கினு நீ பாறைக்குப் போடா, ரகசிய நம்பர் சொல்றேன், காசு அனுப்பிட்டு வந்துடு" என்றேன்.

கோவிந்தண்ணன் குறுக்கே பேசினார். "ஆளு தாண்டக் கூடாதுன்னா காசு மட்டும் தாண்டலாமா?"

"போன்ல இருக்கற காசுக்குக் காலா இருக்குது, தாண்டறதுக்கு?" என்றேன்.

"காசு எங்க இருக்குது?" என்றார் பூசாரி மாமா.

"பேங்க்ல."

"பேங்க்கு எங்க இருக்குது?"

"ஜமுனாமரத்தூர்ல."

முனியன் எனக்காகப் பேசினான். "அப்ப அது ஏற்கெனவே எல்லைக்கு வெளியே தான கீது மாமா? வெளிய இருக்கறது வெளிய போனா இன்னா தப்பு?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. பேங்க் வெளியே இருந்தாலும் காசு வெள்ளையனுடையது, வெள்ளையன் உள்ளே இருக்கிறான் என்றார் ஒருவர். அது இன்னும் மாட்டுக் காசு, மாடு உள்ளே இருக்கிறது என்றார் இன்னொருவர். அம்மன் காலத்தில் போனே இல்லையே என்றான் முனியன். அம்மனுக்கு ஏதுடா காலம் என்று அவன் தலையில் ஒரு தட்டு விழுந்தது. வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு என் கண் போனில் மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து இருபது. பத்து இருபத்தைந்து.

கடைசியில் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். மாடு அவருடையதுதானே. அவர் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எட்டு நாள் இருக்கட்டும்."

பத்தரை ஆனது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். போனது போனதுதான் என்று நினைத்தேன்.

பூசாரி மாமா ஒன்று மட்டும் விட்டுக்கொடுத்தார். போன் போகலாம், காசு போகக் கூடாது. அதனால் முனியன் தினமும் காலையில் போனைப் பாறைக்குக் கொண்டுபோய், வந்த செய்திகளை இறக்கிக்கொண்டு வருவான். நான் கோயில் வாசலில் காத்துக் கிடப்பேன். முதல் நாள், "சார், ஏன் போடவில்லை?" இரண்டாம் நாள், "உங்களுக்காக மட்டும் நேரம் நீட்டிக்கிறேன்." எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை துளிர்த்தது. பணம் அரசாங்கத்துக்குப் போகவில்லை, ஆபீசர் நல்லவர் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், "முப்பதாயிரம் போதும்." நாலாம் நாள் எழுதவில்லை. எழுதி எழுதிச் சலித்துவிட்டான் போல. குரலாக அனுப்பியிருந்தான்.

மத்தியான நேரம். காப்புக் கட்டினவர்கள் எல்லாரும் கோயில் புளியமரத்து அடியில் படுத்திருந்தோம். முனியன் போனை நடுவில் வைத்து சத்தமாகப் போட்டான்.

வறட்டு இருமல் இரண்டு. ஒரு செருமல். "வணக்கம் சார்."

கோவிந்தண்ணன் பம்பைக்குத் தோல் இழுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "டேய் வெள்ளையா, இன்னும் எத்தினி நாளுக்குடா அதே இருமல இருமுவ?" என்றார்.

"நான் இல்லண்ணா" என்றேன்.

முனியன் திரும்பப் போட்டான். இரண்டு இருமல், ஒரு செருமல். நான் டீக்கடையில் நூறு தடவை இருமிக் காட்டிய அதே இருமல். என் பணத்தை எடுத்தவனும், எடுத்ததை மீட்டுத் தருகிறேன் என்றவனும் ஒரே தொண்டை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். மாட்டுக் காசு தப்பித்ததே என்று. எனக்கு அப்படி இல்லை. அதுவரைக்கும் என் பணம் எங்கோ பூட்டிக் கிடக்கிறது, சாவி ஒருவனிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இருமலைக் கேட்டதும்தான், பூட்டும் இல்லை சாவியும் இல்லை என்று தெரிந்தது. மாசி மாதம் போன பணம் வைகாசியில் எனக்கு இன்னொரு தடவை போனது. எழுந்து கோயிலுக்குள் போனேன். கேட்க ஒன்றும் இல்லை. கிண்டல் பண்ணவும் ஒன்றும் இல்லை. "எனக்கு இனிமே ஒண்ணும் தெரியல தாயே" என்று மட்டும் சொன்னேன். தரையில் அப்படியே கிடந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும். எனக்கு முட்டி வலிக்குது. போய்க் காட்டிட்டு வா" என்றார்.

நேராக என்னிடம் சொன்னார். செவலையிடம் சொல்லவில்லை. எல்லையம்மா என் பிரார்த்தனைக்குக் கொடுத்த முதல் பதில் அதுதான் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

எட்டாம் நாள் ஓடையில் காப்பை விட்டோம். ஈரக் கையோடு அப்பாவும் நானும் எல்லைக் கல்லைத் தாண்டிப் பாறைக்குப் போனோம். ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மாட்டக் குடுக்கறியா, காசக் குடுக்கறியா?"

"காசுண்ணா. உங்களுக்கு இஷ்டம் இருந்தா."

"அனுப்பு. வண்டி வாடகை எழுநூறு ரூபா நீ குடுக்கணும்."

"அது அம்மன் குடுப்பான்னு மாமா சொன்னாரேண்ணா."

மாசியிலிருந்து அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல். அவர் திட்டிவிட்டுச் சிரித்தார். ஐம்பத்திரண்டாயிரமும் அவருக்கே திரும்பிப் போனது. வாடகையை புரட்டாசியில் சாமை அறுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கி சைபர் போலீசுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா எழுதிக்கொண்டார். ரசீது, நம்பர், குரல் எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். "கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. போன அன்னிக்கே இலவச நம்பருக்குப் போன் பண்ணி இருந்தா நெறைய நிறுத்தி இருக்கலாம். மூணு மாசம் இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? நான் கடைசியாகப் போட்ட பணம் போய்ச் சேர்ந்த கணக்கை, வேறு யாரோ கொடுத்த புகாரில் முடக்கி வைத்திருப்பதாக அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதில் கொஞ்சம் எடுக்கப்படாமல் கிடந்தது. அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டுமாம். இரண்டு தடவை போய் வந்தோம். அப்புறம் காத்திருந்தோம். வேறு வழி இல்லை.

ஆடியில் மயிலையும் செவலையும் சரிவில் ஏறின. சாமை விதைத்தோம். ஐப்பசியில் கொள்ளு விதைக்க உழுதுகொண்டிருந்தேன். பாறை மேலிருந்து முனியன் கத்தினான். என் போன் அவனிடம்தான் இருந்தது. பணம் வந்திருக்கிறதாம்.

"எவ்ளோடா?" என்று அப்பா வரப்பிலிருந்து கேட்டார்.

"முப்பத்தோராயிரமாம்பா."

அப்பா கிழக்கே கோயில் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, "சரி, ஓட்டு. வெயில் ஏறுது" என்றார்.

அவ்வளவுதான் வந்தது. மிச்சம் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. பரிசத்துக்கு மறுபடி முதலிலிருந்து சேர்க்கிறேன். எனக்கு வந்த முப்பத்தோராயிரத்தை விட, போகாமல் நின்ற அந்த ஜோடி மாட்டுக்காகத்தான் நான் தினமும் கும்பிடுகிறேன். நான் கேட்டது போன பணத்தை. எல்லையம்மா முதலில் போகப் போவதைப் பிடித்து நிறுத்தினாள். கேட்கிற எனக்கு எது அவசரம் என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்பான பக்தர்களே, உங்களில் யாராவது என்னை மாதிரி ஏமாந்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், எழுந்து வாருங்கள். அன்றைக்கே போலீசுக்குச் சொல்லுங்கள். போனதை மீட்டுத் தருகிறேன், முதலில் காசு கட்டு என்று எவன் சொன்னாலும் கட்டாதீர்கள். அவன் பத்தரைக்குள் என்பான். நம் அம்மா யாரையும் அவசரப்படுத்துவதில்லை. அவளிடம் வந்து, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டு, எட்டு நாள் உட்காருங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.

இந்த வருஷமும் நான்தான் காப்புக் கட்டிக்கொள்கிறேன். பூசாரி மாமா இப்போதே சொல்லிவிட்டார், கயிறு கட்டுவதற்கு முன்னால் யாருக்காவது காசு அனுப்ப வேண்டுமா என்று என்னிடம் மூன்று தடவை கேட்பாராம். கேட்கட்டும். மூன்று தடவையும் கையை நீட்டுவேன். எங்கள் வீட்டு மாடு இரண்டும் கல்லுக்கு உள்ளேதான் நிற்கிறது. வந்தால் காட்டுகிறேன். செவலையிடம் மட்டும் ஜாக்கிரதை, அதற்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும்.